களத்தில் லாபம், பள்ளிக்கூடத்தில் ஒன்று

எங்கள் தெருவில் புதிதாக ஒரு நர்சரிப் பள்ளி திறந்திருக்கிறார்கள். அங்கே டீச்சராக இருக்கிற பெண் அடிக்கடி என்னைப் பார்க்க வருவாள், கூடவே யாராவது ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. நூறு வரைக்கும் தப்பில்லாமல் சொல்கிறான், கேளுங்கள் அம்மா என்பாள். பிள்ளையும் மூச்சுவிடாமல் சொல்லும். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். போன தடவை கேட்டேவிட்டாள், பிரெஞ்சுக்காரன் காலத்தில் நீங்கள் அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்துக் கிழித்தீர்கள் என்று. நேரில் சொன்னால் பாதியில் சிரித்து நானே விஷயத்தைக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, என்ன செய்ய.

என் பெயர் அமலோற்பவம். பிறந்தது வில்லியனூர். புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன், தையல் கற்றுக்கொண்டேன், பிரெஞ்சில் கையெழுத்து முத்து முத்தாக வரும் என்று பேர் வாங்கினேன். அந்தக் கையெழுத்து பிற்பாடு எதற்கும் உதவவில்லை. படிப்பு முடிந்ததும் பாகூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தை வகுப்புக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் வகுப்பில் சேர வயது போதாத நண்டுசிண்டுகளை உட்காரவைத்துப் பழக்குகிற வகுப்பு அது. நாலு வயது, அஞ்சு வயது. பாதிப் பேருக்கு மூக்குத் துடைக்கத் தெரியாது, மீதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் துடைப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் மதாம் செலின். புதுச்சேரித் தமிழச்சிதான், கவுன் போட்டவர். புருஷன் சைகோனில் பட்டாளத்தில் இருந்தார். வெயிலோ மழையோ வெள்ளைக் குடை இல்லாமல் பள்ளிக்கூட முற்றத்தைக்கூடக் கடக்கமாட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பிரெஞ்சு, சந்தோஷம் வந்தால் தமிழ், ரொம்பச் சந்தோஷம் வந்தால் சந்தைத் தமிழ். காலையில் அவர் எந்த பாஷையில் முதல் வார்த்தை பேசுகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் வகுப்புக்குள் போவேன்.

ஒரு பிள்ளை முதல் வகுப்புக்குத் தேறுமா என்று பார்க்க அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். மேஜைமேல் ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் காலியாக இன்னொரு கொட்டாங்கச்சி. பிள்ளையைப் பேர் கேட்பார். பிறகு, இதிலிருந்து அஞ்சு எடுத்து அதில் போடு என்பார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை நம் மூஞ்சியைப் படித்து நிறுத்திவிடும், அப்புறம் தேறினது பிள்ளையா நம் மூஞ்சியா என்று கேட்பார். கொட்டை விழுகிற சத்தத்தைக் காதால் மட்டும் வாங்கிக்கொள்வார். கடைசிக் கொட்டை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் திரும்பமாட்டார். நின்றுவிட்டதா, இன்னும் வருமா என்று காத்திருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ரத்தினவேலு என்று ஒரு பையன் வந்தான். கரும்புத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வில்வண்டியில் அப்பாவோடு வந்து இறங்கினான், பட்டுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மதாம் வாய் திறப்பதற்குள் பையன் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கிவிட்டான். பெரியவர்களே தடுக்கி விழுகிற எழுபது, எண்பது, தொண்ணூறு எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகத் தாண்டி நூறில் போய் நின்றான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன்.

மதாம் அஞ்சு போடச் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பினார். டக், டக் என்று அஞ்சு விழுந்தது. ஆறும் விழுந்தது. பத்து, இருபது என்று விழுந்துகொண்டே இருந்தது. கொட்டாங்கச்சி நிரம்பி மேஜையில் வழிந்து, மேஜையிலிருந்து தரையில் உருண்டது. எல்லாம் தீர்ந்த பிறகு பையன் சுற்றுமுற்றும் பார்த்து, காலியான கொட்டாங்கச்சியையும் எடுத்து அதன் தலையில் கவிழ்த்து வைத்தான். எத்தனை போட்டாய் என்று மதாம் கேட்டார். "அஞ்சு" என்றான், கம்பீரமாக. மதாம் திரும்பவே இல்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது. நான் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தபோது அப்பாக்காரர் மதாமிடம், எங்கள் பரம்பரைக்கே கொடுக்கிற கை, நிற்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மதாம் தமிழில் பேசினார். "அவனுக்குச் சொல்லத் தெரியுது அமலோற்பவம். நிறுத்தத் தெரியல. நிறுத்தத் தெரியாதவனுக்கு அஞ்சும் நூறும் ஒண்ணுதான்."

மறுநாளிலிருந்து நான் எண் சொல்லித்தருவதை ஓரங்கட்டிவிட்டு விளையாட ஆரம்பித்தேன். எது பறக்கும் எது பறக்காது என்கிற விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். காக்காய் என்றால் கையைத் தூக்கவேண்டும், எருமை என்றால் தூக்கக் கூடாது. முதல் வாரம் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் இருந்த எருமை எல்லாம் பறந்தது. தேறாமல் என் வகுப்பிலேயே தங்கிவிட்ட ரத்தினவேலு அம்மிக்கல்லைப் பறக்கவிட்டான். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கை பாதியில் நின்று, நடுங்கி, கீழே இறங்க ஆரம்பித்தது. எந்தக் கை எருமைக்கு நின்றதோ அதே கைதான் சீக்கிரத்தில் அஞ்சாவது கொட்டையிலும் நின்றது. இதைப் பார்த்த அன்றைக்கு நான் மதாமின் அறைக்குக் கதவைத் தட்டாமல் ஓடினேன். அதற்குப் பிரெஞ்சில் திட்டு வாங்கினேன். விஷயத்தைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

இன்னொரு விளையாட்டும் கண்டுபிடித்தோம். முற்றத்துக் கோடியில் இருந்த பூவரச மரத்திலிருந்து மூன்று இலை கொண்டுவா என்று ஒரு பிள்ளையை அனுப்புவோம். போகிற வழியெல்லாம் மற்றப் பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். ஓணான் என்பார்கள், உன் சட்டை கிழிந்திருக்கிறது என்பார்கள். போன பிள்ளை கை நிறைய இலையோடு வரும், இல்லாவிட்டால் ஓணானோடு வரும். கத்துகிற கத்தலில் மூன்றை மனசுக்குள் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குக் கூட்டல் கணக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் யாரும் எழுதிவைக்காத ஒன்றைக் கையில் பிடித்துவிட்டதாக நினைத்தேன். எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பில் இருந்தபோதுதான் அஞ்சலை வந்து சேர்ந்தாள்.

அவளுடைய அம்மா பூங்காவனம் கூலிக்கு நாற்று நடப் போகிறவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, நல்ல கனமான பையன். வந்த அன்றைக்கே பேச்சைக் கறாராகப் பேசிவிட்டாள். "இவ பெரிய வகுப்புக்குத் தேறுவான்னு சொல்லுங்க வாத்தியாரம்மா, எப்பாடுபட்டாவது அனுப்பறேன். தேறமாட்டான்னா இப்பவே சொல்லிடுங்க. தம்பிய வச்சிக்கிட்டு வூட்ல இருக்கட்டும். நான் நெறைய வேலைக்குப் போவேன்." வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார், அதில் தெரிந்துவிடும் என்றேன். அதுவரைக்கும் தம்பியை வரப்பு ஓரத்தில் தூளி கட்டிப் போட்டுச் சமாளிக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றாள்.

அஞ்சலை கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு எருமைகூடப் பறக்கவில்லை. மூன்று இலை என்றால் மூன்றுதான், ஓணான் தலைமேல் விழுந்தாலும். இவள் கண்ணை மூடிக்கொண்டு தேறுவாள் என்று மதாமிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். சோதனை வைத்தோம். அஞ்சு போட்டாள், நிறுத்தினாள். எண்ணிக்காட்டு என்றதும் "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்றாள். சரி, ஒன்று எடு என்றார் மதாம். அஞ்சலை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்று சொல்லு என்றார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எத்தனை கெஞ்சியும் அந்த வாய் திறக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் லாபம் லாபம் என்று கேலி செய்தார்கள். மதாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்று தெரியாத பிள்ளையை எப்படி அனுப்புவது, இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பதே அதைத்தானே என்றார். பிரெஞ்சில் சொன்னார்.

அஞ்சலையுடைய அப்பா வீராசாமி களத்தில் நெல் அளக்கிறவர் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அறுவடை நேரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் களத்துக்குப் போனேன். நெல்லு மலையாகக் குவிந்து கிடந்தது. வீராசாமி மரக்காலோடு குந்தியிருந்தார், பக்கத்தில் அஞ்சலை. முதல் மரக்காலை மொண்டு கொட்டும்போது "லாபம்... லாபம்... லாபம்" என்று இழுத்தார். அடுத்த மரக்கால் நிறைகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ரெண்டு, மூணு. களத்தில் யாரும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், விளைச்சல் பெருகட்டும் என்று லாபம்தான் சொல்வார்கள். அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான், மண்டையில் உறைக்கவில்லை. பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். ஒவ்வொரு கலத்துக்கும் அஞ்சலை ஒரு பிடி நெல்லை எடுத்து வரிசையாகத் தனியே வைத்தாள். சுற்றிலும் ஆட்கள் கல்யாணப் பேச்சுப் பேசுகிறார்கள், மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது. அவள் கண் மரக்காலை விட்டு நகரவில்லை.

இடைவேளையில் வீராசாமியிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். பிள்ளை பேச ஆரம்பித்த காலத்தில் ஒரு நாள் அளக்கும்போது ஒண்ணு என்று உரக்கச் சொல்லிவிட்டாளாம். களமே அதிர்ந்துபோயிற்றாம். பண்ணைக்காரர் முகம் சுருங்கிப்போய், கொட்டின நெல்லைத் திருப்பிக் குவியலில் போட்டு மறுபடி அளக்கச் சொன்னாராம். "அன்னிக்கு வாயிலயே ஒண்ணு போட்டேம்மா. அதுலேர்ந்து சொல்றதில்ல. நல்ல புள்ள" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியும், மனசில் பிடித்துவைக்கத் தெரியும். இந்த இடத்துக்கு இந்த முறை, அந்த இடத்துக்கு அந்த முறை என்று மாறத்தான் தெரியவில்லை. அதுவும் ஒரு வித்தைதான், அதுவும் இல்லாமல் கணக்கு நகராது. பத்து தாண்டினால் முறை மாறுகிறது, கூட்டினது போதும் கழி என்றால் முறை மாறுகிறது. நானோ என் வகுப்பில் எதையும் மாற்றச் சொல்லித்தரவே இல்லை.

திங்கட்கிழமை முற்றத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் களம், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். களத்தில் நின்றால் லாபம், ரெண்டு, மூணு. தாண்டிக் குதித்தால் ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் கைதட்டும்போதெல்லாம் குதிக்கவேண்டும். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! நடுவானத்தில் லாபமும் ஒண்ணும் முட்டிக்கொண்டு "லாண்ணு" என்று விழுந்தன. ரத்தினவேலு கோட்டின்மேலேயே நின்றுகொண்டு, நான் எந்த ஊர் என்று அழுதான். சத்தம் கேட்டு மதாம் குடையோடு வந்தார். பிரெஞ்சு வரும் என்று நான் நடுங்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார், கவுனைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு குதித்தார். பள்ளிக்கூடப் பக்கம் இறங்கி "லாபம்" என்றார். பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். "அட போங்கடா" என்றார் மதாம் செலின்.

அஞ்சலை மட்டும் களத்தின் பக்கமே நின்றாள். குதிக்கச் சொன்னால் குதிப்பாள், அந்தப் பக்கம் போனதும் உதடு பூட்டிக்கொள்ளும். நாள் போய்க்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்துவிட்டது. பூங்காவனம் தினமும் பிள்ளையை விடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

கடைசியில் வீராசாமியையே வரச்சொன்னேன். அவர் வாயால் சொன்னால் பிள்ளை நம்பும் என்பது என் கணக்கு. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். கோட்டைத் தாண்டி நின்று ஒண்ணு என்று சொல்லுங்கள், போதும் என்றேன். இது இன்னாமா பெரிய வேலை என்று ஒரே தாண்டாகத் தாண்டினார். வாயைத் திறந்தார். "லாபம்" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி லாபம். மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, மறுபடியும் லாபம். வேர்த்து ஊற்றியது. வரமாட்டேங்குதும்மா என்றார் பாவமாக. பிள்ளைகள் கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள். மதாம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலையும் சிரித்துவிட்டாள். அப்பா தடுமாறி அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. களத்தின் பக்கத்திலிருந்து ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க நெல்லு இல்லப்பா. இங்க ஒண்ணு சொல்லலாம்பா. நான் சொல்றேன் பாரு. ஒண்ணு."

வீராசாமி பயந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கூரை நின்றது, மரம் நின்றது. அஞ்சலையும் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள் மறுபடி, கொஞ்சம் பெரிசாக. பிறகு அப்பாவைக் களத்துப் பக்கம் தள்ளினாள், இங்கே லாபம் என்றாள். இழுத்துக்கொண்டு வந்தாள், இங்கே ஒண்ணு என்றாள். அந்த மனுஷரை இப்படியும் அப்படியுமாக எத்தனை தரம் இழுத்தாள் என்று கேட்காதீர்கள். கடைசியில் அவர் வாயிலிருந்தும் ஒண்ணு வந்தது, ரொம்பச் சின்னதாக. நான் கைதட்டித் தொலைத்துவிட்டேன். உடனே அத்தனை பிள்ளைகளும் கோட்டைத் தாண்டிக் குதித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. பூங்காவனம் குழந்தையோடு வாசலில் நின்றாள். அஞ்சலையின் முறை வந்தது. கொட்டாங்கச்சிகள் மேஜையில் இருந்தன. அவர் பிரெஞ்சில் ஒன்று என்று சொல்லி, கட்டைவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார். அவர்கள் ஊரில் ஒன்றுக்கு அந்த விரல்தான். அஞ்சலைக்கு நாங்கள் அதைக் காட்டியதே இல்லை. லாபமும் இல்லை, ஒண்ணும் இல்லை, ஒரு கட்டைவிரல். நான் சொல்லிக்கொடுத்தது ரெண்டு முறைக்குத்தான். மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கும் என்று யார் கண்டது? அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கக் கூடாது. மதாமைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொட்டை விழுகிற சத்தம் வரவில்லை. பிறகு தரையில் ஏதோ சரசரத்தது. பொறுக்கமாட்டாமல் திரும்பிப் பார்த்துவிட்டேன். அஞ்சலை கால் பெருவிரலால் மண் தரையில் தனக்கு முன்னால் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கிழித்து முடித்து, அதைத் தாண்டிக் குதித்தாள். ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காலிக் கொட்டாங்கச்சியில் போட்டுவிட்டு, தன் கட்டைவிரலை அவரிடம் நீட்டிக் காட்டினாள்.

அவர் இரண்டு விரல் காட்டினார், இரண்டு போட்டாள். கையை முழுக்க விரித்தார், அஞ்சு போட்டு நின்றாள். இந்தக் கோடு என்ன என்று கேட்டார். மதாம் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. எழுந்து போகும்போது அந்தக் கோட்டை மிதிக்காமல் நீளக் காலை எட்டிப்போட்டுத் தாண்டினார். மதாம் வாசலுக்குப் போய், "உம் பொண்ணு தேறிட்டாடி" என்றார். சந்தைத் தமிழ்.

முதல் வகுப்பு தொடங்கிய நாள் காலையில் நான் வாசலில் நின்றிருந்தேன். பூங்காவனம் அஞ்சலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மணி அடித்தது. அஞ்சலை வகுப்பு வரைக்கும் போனாள். அதற்குள் தம்பி வீறிட்டு அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டதும் அவள் திரும்பி ஓடிவந்து, என்றைக்கும் செய்கிற மாதிரி அவனுக்காக இரண்டு கையையும் நீட்டினாள்.

பூங்காவனம் கொடுக்கப் போனாள். கை பாதி வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்றது. குழந்தையை இழுத்து மறு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ உள்ள போ. இவன் அழுதா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அஞ்சலை உள்ளே போனாள்.